பதினொரு விருந்துகள்

ஜார்ஜ்டவுன், பினாங்கு
8 ஜனவரி 2024

அன்புள்ள சுலைமான் அண்ணனுக்கு,

அங்கே அண்ணியும் ஃபராவும் பிள்ளைகளும் நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். நீங்கள் மூவாரில் மகள் வீட்டில் இருக்கிறீர்கள் என்பதைக் குயின் ஸ்திரீட் நகைக்கடைக்காரர் சொன்னார். முகவரியும் அவர் கொடுத்ததுதான். பாவம், அவரைக் கோபிக்க வேண்டாம், நான்தான் மூன்று நாள் நச்சரித்தேன்.

கல்லூரியை மூடிய பிறகு உங்களை முப்பது தடவைக்கு மேல் போனில் அழைத்துவிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. இனி நானும் அழைக்கப் போவதில்லை. போனை வைத்துக்கொண்டு நாம் இருவரும் செய்தது போதும் என்று தோன்றுகிறது. அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியின் பதிவை அமைச்சு ரத்து செய்தது செய்ததுதான், அதில் இனி யாரும் எதுவும் செய்வதற்கில்லை. மிச்சம் இருப்பது மாணவர்கள். பாலர் கல்வி டிப்ளோமா படித்துக்கொண்டிருந்த முப்பத்தெட்டு பேர் நடுவழியில் நிற்கிறார்கள். பட்டர்வொர்த்தில் ஒரு கல்லூரி அவர்களை அப்படியே ஏற்றுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. நிபந்தனை ஒன்றே ஒன்று. எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தை யாரிடம் எத்தனை மணி நேரம் படித்தாள், தடிகா என்கிற பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு எத்தனை வாரம் பயிற்சி எடுத்தாள் என்பதற்கு நம்பத்தக்க பதிவு வேண்டும். மார்ச் 4-ஆம் தேதிக்குள் வேண்டும். இல்லையென்றால் முப்பத்தெட்டு பேரும் முதல் பருவத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சோதனை நாளில் அதிகாரிகள் எடுத்து வந்த பச்சை அட்டைப் பதிவேடு உதவாது. அதில் தினமும் பாடம் நடத்தியதாகக் கையெழுத்துப் போட்டிருக்கும் விரிவுரையாளர் ஒருவர் அந்த மாதம் முழுக்க சிட்னியில் இருந்திருக்கிறார். அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு பிற்பகல்கூட ஆகவில்லை.

அண்ணே, உண்மைப் பதிவேடு ஒன்று இருந்தது. காக்கி அட்டை போட்டு, வருஷத்துக்கு ஒன்றாக, உங்கள் குமாஸ்தா நூர்ஜான் எழுதி வந்தது. அது அன்று கிடைக்கவில்லை. உங்களிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
சந்திரசேகரன்


மூவார்
17 ஜனவரி 2024

தம்பி சந்திரசேகரனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அமைச்சின் சுற்றறிக்கைதான் வழி தவறி என் மகள் வீட்டுக்கு வந்துவிட்டதோ என்று நினைத்தேன். முப்பத்தொரு வருஷம் சர்க்கார் மேசையில் உட்கார்ந்தால் அண்ணனுக்கு எழுதும்போதும் பேனா அப்படித்தான் ஓடும் போலிருக்கிறது.

நாங்கள் நலம்தான். மூவாரில் என்னை யாருக்கும் தெரியாது. அறுபத்தாறு வயதில் அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? பினாங்கில் பள்ளிவாசலுக்குப் போனால் நாலு பேர் சலாம் சொல்வார்கள், ஐந்தாவது ஆள் தன் மகளின் படிப்பு என்ன ஆச்சு என்று கேட்பான்.

நவம்பர் 14-ஆம் தேதி என்ன நடந்தது என்று உனக்குச் சொல்கிறேன். நீ அங்கே இல்லையே. செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை. ஆறு பேர் மாடி ஏறி வந்தார்கள். மூன்றாம் மாடியில் அஃப்ரீன் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கற்பிக்கும் பெர்மிட் கிடையாது. நான்காம் மாடிக்கு வகுப்பு நடத்த அனுமதியே கிடையாது, அங்கே இருபத்தாறு பிள்ளைகள். நூர்ஜான் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதைப் பூட்டுவது எதைத் திறப்பது என்று தெரியாமல் நின்றாள். வந்தவர்களில் ஒருவர், நல்ல மரியாதையான பையன், சுவரில் மாட்டியிருந்த பதிவுச் சான்றிதழைக் கழற்றித் தரச் சொன்னார். இருபத்திரண்டு வருஷம் மாட்டியிருந்த சட்டம். என்னால் ஆணியிலிருந்து எடுக்க முடியவில்லை, கடைசியில் அவரே கழற்றிக்கொண்டார். பிள்ளைகள் எல்லாம் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள்.

பதினொரு தடவை நீ போன் செய்தாய். ஒவ்வொரு தடவையும் சோதனைக்கு முந்தின நாள், ஒரே கேள்வி: "அண்ணே, நாளைக்கு வீட்ல மீன் தலைக் கறி இருக்குமா?" அவ்வளவுதான். நான் நூர்ஜானிடம் சொல்வேன். நான்காம் மாடி பூட்டப்படும். பெர்மிட் இல்லாதவர்கள் மறுநாள் வீட்டில் இருப்பார்கள். பச்சைப் பதிவேடு மேசைக்கு வரும். உன் அண்ணி ஹாஜராவுக்கு மட்டும் கதை தெரியாது. நீ நிஜமாகவே ஆசைப்பட்டுக் கேட்கிறாய் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் பசாருக்குப் போய் மீன் தலை வாங்கி வந்து குழம்பு வைப்பாள். "அந்தத் தம்பி கேக்க மட்டும் கேக்குது, சாப்பிட வர மாட்டேங்குதே" என்பாள். பதினொரு தடவையும் அந்தக் குழம்பை ஆசிரியர் அறையில் வைத்துத்தான் தின்றோம்.

பன்னிரண்டாவது தடவை ஏன் நீ கூப்பிடவில்லை? ஒரு நிமிஷம் போதுமே உனக்கு. என்னைப் பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். நான் உனக்கு என்ன குறை வைத்தேன்?

பதிவேடுகள் என்னிடம்தான் இருக்கின்றன. அனுப்ப முடியாது. காரணம் கேட்காதே.

சுலைமான்


ஜார்ஜ்டவுன்
25 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படிக்கத் தைரியம் இல்லை. வெல்ட் கீ கடலோரம் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து படித்தேன். அண்ணி குழம்பு வைத்த சேதி எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

முதல் தடவை நான் கூப்பிட்டது உங்களுக்கு நினைவிருக்கும், 2018 மார்ச். உங்கள் விரிவுரையாளர் ஒருவர் பிரசவ விடுப்பில் போனார். அவருக்குப் பதிலாக வந்தவரின் பெர்மிட் விண்ணப்பம் எங்கள் பக்கம் ஏழு வாரமாகக் கிடந்தது. தாமதம் எங்களுடையது, தண்டனை உங்களுக்கா என்று எனக்குத் தோன்றியது. கணக்குப் பாடத்தில் கிரெடிட் மதிப்பெண் வாங்காத பிள்ளைகளை வேறு எந்தக் கல்லூரியும் நிமிர்ந்து பார்க்காத காலத்தில் நீங்கள் சேர்த்துக்கொண்டீர்கள். அந்த இடத்துக்கு ஒரு கெட்ட பெயர் வரக்கூடாது என்று நினைத்தேன். ஒரே ஒரு தடவை என்றுதான் போனை எடுத்தேன், சத்தியமாக.

நவம்பரில் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டீர்கள். அதற்கு முந்தின வாரம் ஒரு தகப்பன் கவுண்டருக்கு வந்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், சீருடையோடு வந்திருந்தார். மகள் படிக்கிற டிப்ளோமாவுக்கு முழு அங்கீகாரம் வந்துவிட்டதா என்று கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் எனக்கு மனசு கேட்கவில்லை. போன் கையில்தான் இருந்தது, வைத்துவிட்டேன். உங்களைப் பிடிக்காமல் இல்லை அண்ணே. மனசாட்சி ஒன்று இருக்கிறதல்லவா.

பதிவேட்டை அனுப்புங்கள். காரணம் கேட்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்கத்தான் வேண்டும், முப்பத்தெட்டு பேர் காத்திருக்கிறார்கள். வழக்குக்குப் பயப்படுகிறீர்களா? பச்சைப் பதிவேடு ஒன்றே அதற்குப் போதும், காக்கிப் பதிவேடு வந்துதான் புதிதாக எதுவும் நடக்க வேண்டும் என்றில்லை.

சந்திரசேகரன்


மூவார்
1 பிப்ரவரி 2024

தம்பி,

மனசாட்சியாம். வெட்கமில்லாமல் எனக்கே எழுதுகிறாய். ஆறு வருஷம் அது எங்கே ரஜா போயிருந்தது?

கேட்டாய் அல்லவா, காரணம் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீயே முடிவு செய்.

நூர்ஜான் சுத்தமான கைக்காரி. வேலை என்றால் வேலை, ஒரு வரி விடமாட்டாள். ஒரு நாளுக்கு ஒரு தாள். வகுப்பு, நேரம், நடத்தியவர் பெயர், வந்த பிள்ளைகளின் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். அதோடு அன்று கல்லூரியில் நடந்த விசேஷத்தையும் மேலே எழுதி வைப்பாள். தண்ணீர்க் குழாய் உடைந்தது, ஏர்கான் பழுது, இப்படி. நீ கூப்பிட்ட ஒவ்வொரு நாளும் அவள் என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா? "சந்திரன் சார் அழைத்தார். நாளை விருந்து." நேரம் போட்டு. பதினொரு பக்கங்களில். மறுநாள் பக்கத்தில் "அதிகாரிகள் வருகை" என்று இருக்கும். எழுதச் சொல்லி நான் சொல்லவில்லை. எழுதாதே என்றும் எனக்குத் தோன்றவில்லை. கல்லூரி மூடிய பிறகு இங்கே உட்கார்ந்து புரட்டும்போதுதான் பார்த்தேன்.

இதைப் படிப்பவருக்கு இரண்டு நிமிஷம் போதும். உனக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிறது. பென்ஷன் போகும். கோர்ட்டுக்குப் போனால் அதற்கு மேலும் போகும். உன் மகன் கோகுலனுக்கு ஜூலையில் கல்யாணம் என்று சொல்லியிருந்தாய்.

எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக உன் சோற்றில் மண்ணை அள்ளிப் போடுகிறவன் இல்லை நான். பிள்ளைகள் இளவயசு, ஒரு வருஷம் போனால் இன்னொரு வருஷம் வரும். உனக்கு வராது. இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

சுலைமான்


ஜார்ஜ்டவுன்
6 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இது ஐந்தாவது.

நீங்கள் எனக்காக இப்படி யோசித்திருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. என்னை வஞ்சம் தீர்க்கத்தான் பதிவேட்டை வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணியிருந்தேன். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

முப்பத்தெட்டு பிள்ளைகளின் படிப்பும் போகக்கூடாது, இது உறுதி. அதே சமயம் என் வீட்டுக்காரி ஜெகதீஸ்வரியிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. கல்யாண மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது, அவள் பத்திரிகைக்கு மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேற்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன், அவள் என்னிடம் இரண்டு அட்டையைக் காட்டி எந்த நிறம் நன்றாக இருக்கிறது என்று கேட்டாள்.

அண்ணே, ஆறு பதிவேட்டில் ஆயிரத்துக்கும் மேல் பக்கங்கள் இருக்கும். அதில் ஒரு பதினொன்று இல்லாவிட்டால் என்ன? மீதி எல்லாம் இருந்தால் எந்தக் கல்லூரியும் பதினொரு நாள் விடுபட்டதற்காகப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பாது. விசாரித்தேன், பத்து நாள் இருபது நாள் வித்தியாசத்தை அவர்கள் பெரிதுபடுத்துவதில்லை. பிளேடு வைத்து ஓரமாக எடுத்தால் தையல் பிரியாது.

நான் சொல்ல வருவது உங்களுக்குப் புரியும். இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

சந்திரசேகரன்


மூவார்
14 பிப்ரவரி 2024

தம்பி சந்திரனுக்கு,

செய்துவிட்டேன்.

ஹாஜராவும் ஃபராவும் கடைக்குப் போயிருந்த நேரத்தில் செய்தேன். பதினொரு தேதியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, பிளேடால் எடுத்தேன். நூர்ஜானின் எழுத்து அழகு, அதைப் பார்த்துப் பார்த்து எடுக்கக் கஷ்டமாக இருந்தது. கொல்லையில் பால் மாவு டின் ஒன்றில் போட்டு எரித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து என்ன அங்கிள் எரிக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். பழைய பில் என்று சொன்னேன். இந்த வயசில் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது பார்.

பெட்டியை இன்று காலை கூரியரில் அனுப்பிவிட்டேன். உன் பெயருக்கு இல்லை, அலுவலகத்தின் பெயருக்கு. இரண்டு மூன்று நாளில் வந்துவிடும்.

நீ மனசாட்சிக்காகத்தான் போன் செய்யவில்லை என்று எழுதினாய் அல்லவா, அதைப் படித்ததும் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. நாலு நாளாக அதையே யோசித்தேன். நம் இருவரில் ஒருவனுக்காவது கடைசியில் நல்ல புத்தி வந்ததே என்று இப்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. உன்னைத் திட்டியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கோகுலன் கல்யாணத்துக்கு, இன்ஷா அல்லாஹ், வருவேன். பின் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

சுலைமான்


ஜார்ஜ்டவுன்
15 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

என் போன கடிதத்துக்கு இன்னும் உங்கள் பதில் வரவில்லை. அதனால் நீங்கள் இன்னும் எதுவும் செய்திருக்க மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். பக்கங்களைக் கிழிக்காதீர்கள். ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். அப்படியே அனுப்புங்கள்.

நேற்று அதிரா என்று ஒரு பெண் கவுண்டருக்கு வந்தாள். ரெலாவ் அடுக்குமாடியில் இருக்கிறவள், கடைசிப் பருவம். போன மாதம் நான் எழுதிய அந்தத் தொழிற்சாலைச் சீருடைத் தகப்பனின் மகள். பயிற்சி வாரங்களுக்குச் சான்று இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு சார், காக்கி புக்லதான். செவ்வாக்கிழமை பக்கத்துக்குப் பின்னால. தடிகா டீச்சர் சாப் அடிச்சு சைன் வச்சிருப்பாங்க" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னேன். பயிற்சிக்குப் போகிற பெண்கள் வாரத்தில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை மட்டும், கல்லூரிக்கு வருவார்களாம். அந்த வாரம் தடிகாவில் செய்த மணி நேரங்களை நூர்ஜான் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தின் பின்புறத்தில் பதிந்து, தடிகா முத்திரையோடு வைத்திருப்பாராம். எங்கள் குழு சோதனைக்குப் போவது எப்போதும் புதன்கிழமை, அது எங்கள் பழக்கம். நான் உங்களைக் கூப்பிட்டதெல்லாம் செவ்வாய்க்கிழமைகளில். இப்போது புரிகிறதா அண்ணே? அந்தப் பதினொரு பக்கங்களின் பின்னால் பதினொரு வாரப் பயிற்சி இருக்கிறது. போன ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் மட்டும் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறேன். அதிராவுக்கும் அவளோடு ஒரே தடிகாவுக்குப் போன இன்னும் மூன்று பேருக்கும் அதுதான் பயிற்சிப் பருவம். பத்து வாரம் இடைவிடாமல் இருக்க வேண்டும் என்பது புதிய கல்லூரியின் விதி. தடிகாவிடம் மறுபடி சான்று வாங்கவும் வழியில்லை. அதை நடத்திய அம்மா தீபாவளிக்கு முன்பே காலமாகிவிட்டார், வீட்டைக் காலி செய்து காகிதங்களை எறிந்துவிட்டார்கள்.

இன்று காலை என் மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதினொரு அழைப்புகளையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பணியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜெகதீஸ்வரியிடமும் சொன்னேன். அவள் கல்யாணப் பத்திரிகை மாதிரிகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். ஆகவே என்னைக் காப்பாற்ற இனி ஒன்றும் இல்லை, நீங்கள் எதையும் மறைக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். நவம்பரில் நான் மனசாட்சிக்காகப் போனை வைக்கவில்லை. அந்தச் சோதனை நடக்கப்போவதே எனக்குத் தெரியாது. புத்ராஜெயா தலைமையகத்திலிருந்து நேராக வந்தார்கள், மாநிலத்தில் யாருக்கும் சொல்லவில்லை. அதனால்தான் செவ்வாய்க்கிழமை. தெரிந்திருந்தால் பன்னிரண்டாவது தடவையும் கூப்பிட்டிருப்பேன். உங்களிடம் ஏதாவது ஒரு விஷயத்திலாவது நல்லவனாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு அப்படி எழுதினேன். அந்தத் தகப்பன் வந்தது மட்டும் நிஜம்.

சந்திரசேகரன்


மூவார்
20 பிப்ரவரி 2024

சந்திரா,

உன் கடிதம் நேற்று வந்தது. என் கடிதமும் பெட்டியும் அதற்கு முன்பே உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கும். படித்திருப்பாய்.

எரித்துவிட்டேன் தம்பி. அந்த டின்னைப் போய்ப் பார்த்தேன். மழை பெய்து கருப்புத் தண்ணீராக இருக்கிறது.

ஆறு வருஷம் அந்தப் புத்தகம் என் கட்டடத்தில், என் அறைக்கு வெளியே ஒரு மேசையில் இருந்தது. ஒரு நாளும் ஒரு பக்கத்தையும் நான் பின்னால் திருப்பிப் பார்த்ததில்லை. எடுக்கும்போதாவது பார்த்தேனா? இல்லை. தேதியைப் பார்த்தேன், உன் பெயரைப் பார்த்தேன், வெட்டினேன். அதிகாரிகள் எந்தப் பக்கத்தைப் பார்ப்பார்கள் என்று மட்டும் யோசித்தே பழகிப் போன கண் இது. பின்னால் ஒரு பிள்ளையின் கையெழுத்து இருக்கும் என்று கல்லூரி நடத்துகிறவனுக்குத் தோன்றவில்லை என்றால் நான் என்ன கல்லூரி நடத்தினேன்?

உன்மேல் கோபம் வரவில்லை, நீ பொய் எழுதியதற்குக்கூட வரவில்லை. நீ கேட்டாய், நான் செய்தேன். நான் கேட்காமலே நீ செய்தாய். இத்தனை வருஷமும் நமக்குள் இதைத்தான் அன்பு என்று வைத்துக்கொண்டிருந்தோம்.

வியாழக்கிழமை பஸ் ஏறி வருகிறேன். அந்த நாலு பிள்ளைகளும் பயிற்சிக்குப் போனார்கள், நான் சாட்சி என்று எழுதிக் கொடுக்கிறேன். சத்தியப் பிரமாணம் கேட்டால் அதுவும் செய்கிறேன். எரித்தது நான்தான் என்றும் சொல்லிவிடுகிறேன். இது உதவுமா என்று உனக்குத் தெரிந்தால் முன்னாடியே சொல். உதவாது என்றாலும் வருவேன்.

சுலைமான்


ஜார்ஜ்டவுன்
11 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் வந்து வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போனதை அறிந்தேன். அலுவலக மாடிக்குப் போக எனக்கு இப்போது அனுமதி இல்லை. எதிர்ச் சாலையில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் மெதுவாக இறங்கி வந்து டாக்சிக்கு நின்றதைப் பார்த்தேன். எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை.

விசாரணையை நடத்தும் ஹஸ்ருல் நல்ல மனிதர். உங்களிடம் சொன்னதையே என்னிடமும் சொன்னார். ஆறு வருஷம் பொய்ப் பதிவேடு வைத்திருந்தவர் இப்போது வாயால் சொல்வதைப் பயிற்சிக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கிழிக்கச் சொன்னது யார் என்று கேட்டார். நான்தான் என்று சொன்னேன். நீங்கள் அதை உங்கள் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிந்தது. என் பிப்ரவரி 6 கடிதத்தை நீங்கள் கிழித்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். நான் எழுதியதை அப்படியே ஒப்பித்தேன், ஒரு வரி மறக்கவில்லை.

முப்பத்துநான்கு பேர் மார்ச் 4-ஆம் தேதி பட்டர்வொர்த்தில் சேர்ந்துவிட்டார்கள். நூர்ஜானின் பதிவேடு அவ்வளவு சுத்தமாக இருந்தது என்று அந்தக் கல்லூரிக்காரர்களே சொன்னார்களாம். அந்த நால்வருக்கும் வருகிற செப்டம்பரில்தான் இடம். பயிற்சிப் பருவத்தைத் திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டும்.

நான் அதிராவைப் பார்க்கப் போனேன். போகக்கூடாது என்றுதான் வக்கீல் சொன்னார். செப்டம்பர் வரை பாயான் லெப்பாஸில் தகப்பன் வேலை செய்யும் அதே தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறாள். காலை ஆறேகாலுக்கு அடுக்குமாடிக்குக் கீழே தொழிற்சாலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "இந்த சார்தான் எங்க கேஸ்ல ரொம்ப ஹெல்ப் பண்ணாரு" என்றாள். அண்ணே, அதைக் கேட்டுக்கொண்டு எப்படி நிற்பது? அவளைத் தள்ளிக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெர்மிட் தாமதமான கதையிலிருந்து பிளேடு வரைக்கும். என் தரப்பு நியாயம் எதையும் சேர்க்காமல் சொல்ல முயற்சி செய்தேன், முழுசாக முடியவில்லை.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நான் வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன். ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க மொத தடவ போன் பண்ணாம இருந்திருந்தா காலேஜ என்ன பண்ணியிருப்பாங்க சார்?"

எனக்கு விதி மனப்பாடம். "தண்டம் போட்டிருப்பாங்கம்மா. ஒரு வருஷம் புதுப் பிள்ளைங்கள சேக்க விட்டிருக்க மாட்டாங்க. சுலைமான் சார் எல்லாத்தையும் சரி பண்ணியிருப்பாரு. அவரால முடியும்" என்றேன்.

"அது 2018-ல. நான் சேந்தது 2021" என்றாள். விரல் விட்டு எண்ணினாள். "அப்படின்னா நான் வந்தப்ப அது நல்ல காலேஜா இருந்திருக்கும், இல்லையா சார்?"

ஆமாம் என்றேன் அண்ணே. பஸ் வந்தது, அவள் ஏறிப் போய்விட்டாள்.

சந்திரசேகரன்